தன்மைப் பன்மை

ஒன்று முதல் ஐந்து வரை
ஏதாவது ஒரு வட்டத்தைத் தொடச் சொல்கிறது படிவம்.
கெரிஞ்சி தாண்டி ரயில் கொஞ்சம் சாய்கிறது.
பணி நிறைவு, பதினொன்றாம் கேள்வி:
இத்துறையில் நாம் அனைவரும்
ஒரே குடும்பம் என உணர்கிறேன்.
மலாய் மூலத்தில் கித்தா என்று இருக்கிறது.
என் அம்மாவுக்குக் கித்தா என்றால் பால் வடியும் மரம்.
அவர்களுக்கு அது நாம்.

இன்று காலைதான் அதை நடத்தினேன்.
மங்கலான ப்ரொஜெக்டர், இருபத்தாறு பேர்,
விருப்பப் பாடமாகத் தமிழ் எடுத்தவர்கள்.
அதில் ஒன்பது பேர்
மாண்டரின் நிரம்பிவிட்டதால் வந்தவர்கள்.
கேட்பவரையும் சேர்த்தால் நாம்,
விட்டுவிட்டால் நாங்கள்
என்று எழுதி முடிக்குமுன்
பின்வரிசை ஹக்கிமி சொன்னான்:
"ஓ, கித்தா. காமி."
அவ்வளவுதான்.
அம்புக்குறி போட்டு ராத்திரி செய்த
ஏழு ஸ்லைடும் வீண்.
அந்த நிமிடத்துக்கு ஆறு கொடுப்பேன்.
படிவத்தில் ஆறு இல்லை.

எனக்கு ஒரு மேசை உண்டு,
செவ்வாயும் வியாழனும்.
மற்ற நாள்களில் அது அரபு மொழி ஹில்மியுடையது,
புதன் மாலை ஜப்பானிய மொழி சியூ பெங்குடையது.
ஒரே இழுப்பறையில்
அவருடைய மிஸ்வாக் குச்சி, அவளுடைய கை க்ரீம்,
என் சிவப்புப் பேனாக்கள்,
யாருடையது என்று மூவருக்கும் தெரியாத
ஒற்றைச் சாக்ஸ்.
கதவில் பெயர் இல்லை.
கார் ஸ்டிக்கர் வருகையாளர் நிறம்.
செமஸ்டர் முடியும் வெள்ளிக்கிழமை நள்ளிரவு
வாசலுக்கு என் கார்டு மறந்துபோகும்.
மணிக்கு இவ்வளவு என்று சம்பளம்,
திருத்தும் மணிகள் கணக்கில் சேராது.

வீட்டுக் கடன் கேட்கப் போனபோது
வங்கிப் பெண் "லெக்சரர்தானே?" என்றாள் மரியாதையாக.
மூன்று மாதச் சம்பளச் சீட்டைப் புரட்டிவிட்டு
"டியூஷனா?" என்றாள், அதே மரியாதையோடு.
கல்யாண வீட்டில் சித்தப்பா
"எங்க யுனிவர்சிட்டிப் பிள்ளை" என்று
என்னை இழுத்து நிறுத்துவார்.
என்ன பாடம் என்று கேட்டால்
"மொழித்துறை" என்பார், அதற்குமேல் போகமாட்டார்.

கூட்டங்களில் துறைத்தலைவர்
நாம் உழைத்தோம் என்பார்,
நாம் தரவரிசையில் ஏறினோம் என்பார்.
ஒப்பந்தம் பற்றிக் கேட்டால் மட்டும்
நாங்கள் பரிசீலிக்கிறோம்.
வினைமுற்று மாறுவதில்லை, கவனித்தீர்களா?
இரண்டுக்கும் ஓம்தான்.
எழுவாயை விழுங்கிவிட்டால்
நான் உள்ளே இருக்கிறேனா வெளியே இருக்கிறேனா
யாருக்கும் தெரியாது.
சில நாள் எனக்கும்.

வகுப்பு கலைந்த பிறகு நூருல் அக்மா நின்றாள்.
தாதிமை, இரண்டாம் ஆண்டு, மாலையில் வார்டு.
"மிஸ், பாட்டிகளிடம்
நாம் மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்கலாமா?
நான் சாப்பிடப் போறதில்லையே."
புத்தகத்தில் இல்லை.
என் முதுகலை ஆய்வேட்டிலும் இல்லை,
அதன் தலைப்பே மூவிடப் பெயர்கள்.
"கேட்டுப் பாருங்க. அவங்க முகத்தில் தெரியும்"
என்றேன், பையில் இல்லாத சாவியைத் தேடியபடி.

பங்சார்.
விரல் இன்னும் பதினொன்றில் நிற்கிறது.
இரண்டு என்றால் நன்றி கெட்டவள்,
நான்கு என்றால் பொய்,
மூன்று என்பது
ஒன்றும் சொல்லாமல் தலையாட்டுவது.

குரல் பதிவு வந்து விழுகிறது,
பின்னணியில் தள்ளுவண்டிச் சக்கரம்.
"மிஸ், நாம் என்றுதான் சொன்னேன்.
அந்த அம்மா மாத்திரையைப் பாதியா ஒடைச்சு
என்கிட்ட நீட்டுறாங்க!
இப்ப என்ன சொல்லணும்?"

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
எதிர் இருக்கைக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார்.
படிவம் நேரம் கடந்து மூடிக்கொண்டது,
முதல் கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்கிறது.
இருக்கட்டும்.
அவசரமாகத் தட்டுகிறேன்:
முதலில் நன்றி சொல்லுங்க.
அப்புறம்,
இரண்டு பாதியும் உங்களுக்குத்தான்,
நான் பக்கத்திலேயே இருக்கேன்,
இதை மட்டும் சொல்லுங்க.

பசார் செனியில்தான் இறங்கியிருக்க வேண்டும்.
கதவு மூடிவிட்டது.